மண்டி போடத் தெரிந்த ஸ்டாண்டு

கடைக்குள் நுழைந்து வணக்கம் சொன்ன கையோடு நகிமேரா தரையில் மண்டியிட்டுவிடுவாள். பெரியவர்கள் முன்னால் பெண்கள் மண்டியிட்டுப் பேசும் ஊர் எங்களுடையது. அதனால் கம்பாலாவின் வாத்தியக் கடைக்காரர்கள் முதல் முறை அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு பூரித்துப்போவார்கள். அவள் பார்வை அவர்கள் மேல் இருக்காது. எதிரே விரித்து வைத்திருக்கும் கீபோர்டு ஸ்டாண்டின் மேல் இருக்கும். மண்டியிட்டபடியே இரண்டு கைகளையும் நீட்டி, அங்கே இல்லாத கீபோர்டை வாசித்துப் பார்ப்பாள். கை தோளுக்கு மேலே போனால் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு அடுத்த ஸ்டாண்டுக்கு முன்னால் போய் மறுபடி மண்டியிடுவாள்.

"ஏம்மா, நீ சாமான் வாங்க வந்தியா, ஜெபம் பண்ண வந்தியா?" என்று ஒருநாள் கடைக்காரர் முட்யாபா கேட்டேவிட்டார்.

"ரெண்டுக்கும்தான் ஐயா. நீங்க சொல்ற விலைக்கு ஜெபம் பண்ணாம வாங்க முடியுமா?"

மண்டியிட்டுப் பார்த்த பிறகு இடுப்பால் ஓர் இடி. பிறகு காலால் ஓர் உதை. அதற்கும் அசையாமல் நின்றால் மடக்கி, கடை வாசலில் எந்த வாடகை பைக் நின்றாலும் அதன் பின்சீட்டில் ஏறி, ஸ்டாண்டைத் தொடைமேல் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பாள். பைக்கின் சொந்தக்காரன் சவாரி கிடைத்ததென்று ஓடி வருவான். "எங்கேயும் போகலைப்பா, சும்மா உக்காந்து பாக்கறேன்" என்று இறங்கிவிடுவாள். அவன் திட்டுவான். இவளும் சளைக்காமல் திட்டுவாள். அந்தத் தெருவில் அவளுக்கு நண்பர்கள் அதிகம், ஆனால் முதல் சந்திப்பில் நண்பரானவர் யாரும் கிடையாது.

நான் லுபோவா. வலுகெம்பே ஐயாவின் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என் வாத்தியம் தோளில் தொங்கும், மழை வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். அதனால் கீபோர்டுக்காரர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு. அவர்களுக்கு மின்சாரம் வேண்டும், சமதரை வேண்டும், நிறுத்தி வைக்கக் கால் வேண்டும். இத்தனையும் கேட்கிற வாத்தியத்தை எதற்கு ஒருத்தி கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நினைத்ததுண்டு. நகிமேரா வந்த பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். வெளியே மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆள் குள்ளம். நடை வேகம். குழந்தையைக் கட்டுகிற துணியால் கீபோர்டை முதுகில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வருவாள். எதிரே வருகிறவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். ஞாயிறு காலை ஒரு தேவாலயம், மாலை இன்னொரு தேவாலயம், வார நாட்களில் ஏரிக்கரை ஓட்டலில் வெளிநாட்டு விருந்தாளிகள் சாப்பிடும்போது காதுக்கு உறுத்தாத இசை. "அங்க நான் வாசிக்கிறது சூப்புக்கு உப்பு மாதிரி அண்ணே. இருந்தா யாருக்கும் தெரியாது" என்பாள். சனிக்கிழமைதான் அவள் நாள். அன்றைக்குத்தான் எங்கள் குழுவோடு குவாஞ்சுலாவுக்கு வருவாள்.

குவாஞ்சுலா என்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்கும் நாள். புல்வெளியில் இரண்டு பந்தல்கள் எதிரும் புதிருமாக நிற்கும். ஒன்றில் பெண் வீட்டார், மற்றதில் மாப்பிள்ளை வீட்டார். இரண்டு பக்கமும் வாயாடியாக ஒரு பேச்சாளர் இருப்பார். ஒருவரையொருவர் வாரிக்கொள்வதுதான் அவர்கள் வேலை. நடுவில் எங்கள் குழு. மாப்பிள்ளை வீட்டார் கூடைகளோடு வரும்போது நின்று ஆடிப் பாடுவோம். பெண் வீட்டுப் பெரியவர்களை வணங்கும் நேரம் வந்தால் அங்கிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் மண்டியிடுவார்கள். பாட்டு நிற்கக்கூடாது. மெல்லிசாக, வணக்கத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மெல்லிசு கீபோர்டின் வேலை.

குழுவில் கீபோர்டு வாசிப்பவர் எப்போதும் ஆணாகவே இருந்ததால் யாருக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. பெண் வாசித்தால் அவளும் மண்டியிட வேண்டும். அவள் மண்டியிட்டால் கீபோர்டு எங்கே இருக்கும்?

தொடக்கத்தில் அவளிடம் ஒரு பழைய ஸ்டாண்டு இருந்தது. இரண்டு கம்பிகள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடங்குமே, அந்த வகை. அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தாள். ஸ்டாண்டுகளுக்குப் பெயர் வைப்பது அவள் வழக்கம். மூன்று கால் வைத்தது கொக்கு. கனமான இரும்புச் சட்டம் போட்டு மேஜை மாதிரி நிற்பது எருமை. நண்டின் பூட்டுப் பல் தேய்ந்து, வணக்கம் வரும்போது தானாகவே வழுக்கி இறங்கும். அவளும் கூடவே இறங்கிவிடுவாள். அதைத் திறமை என்று நாங்கள் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அது வணக்கத்துக்குக் காத்திராமல், மாப்பிள்ளை வீட்டார் ஆடிக்கொண்டு நுழையும்போதே இறங்கிவிட்டது.

அதன் பிறகுதான் அவள் எருமையை வாங்கினாள். ஓட்டலுக்கு வரும் வெளிநாட்டு வாத்தியக்காரர்கள் எல்லோரும் அதுதான் உத்தமம் என்றார்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என்னையே அதன்மேல் ஏற்றி உட்காரவைத்துக் காட்டினாள். அசையவில்லை. இடுப்பால் இடித்தாள், உதைத்தாள், பைக்கில் வைத்துப் பார்த்தாள். மண்டியிட்டு மட்டும் பார்க்கவில்லை. அது இடுப்புக்குக் கீழே இறங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. உலகத்தில் வேறு எந்தக் கீபோர்டுக்காரருக்கும் அது தோன்றவேண்டிய தேவையும் இல்லை.

முக்கோனோ பக்கம் ஒரு குவாஞ்சுலா. பெண்ணின் தாத்தாவை வணங்கும் நேரம். புல்வெளி முழுக்கப் பெண்கள் பாயில் மண்டியிட்டார்கள். நகிமேரா ஒரு கணம் நின்றாள். பெண் வீட்டுப் பேச்சாளர் ஒலிபெருக்கியில் பிடித்துக்கொண்டார்.

"அங்க என்னய்யா ஒரு கொடிக்கம்பம் நிக்குது? மாப்பிள்ளை வீட்டுச் சீர்ல அதுவும் சேர்த்தியா?"

இரண்டு பந்தலும் சிரித்தன. நகிமேரா படாரென்று மண்டியிட்டாள். கீபோர்டு அவள் தலைக்கு மேலே போய்விட்டது. கையைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கட்டைகளைத் தடவித் தடவி வாசித்தாள். பாவம், நன்றாகத்தான் வாசித்தாள். பெரியவர் "உங்க வீட்ல எல்லாரும் சுகமா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டபோது அவள் விரல் எந்தப் பொத்தானையோ தொட்டுவிட்டது. கம்பெனிக்காரன் மாதிரிக்காக உள்ளே வைத்திருந்த டிஸ்கோ முழுச் சத்தத்தில் அலற ஆரம்பித்தது. அதை நிறுத்தும் பொத்தான் எங்கே என்று கீழேயிருந்து தெரியவில்லை. எழுந்து பார்க்கலாமென்றால் பெரியவர் முன்னால் எழ முடியாது. கடைசியில் நான் போய் மின்கம்பியைப் பிடுங்கினேன். தாத்தா சிரித்துவிட்டார். பெண்ணின் அத்தை சிரிக்கவில்லை.

வலுகெம்பே ஐயாவும் சிரிக்கவில்லை. குழு அவருடையது. பாடுவார். கணுக்கால் வரை தொங்கும் கஞ்சி போட்ட வெள்ளை அங்கியான கன்சு, அதன்மேல் கறுப்புக் கோட்டு, அந்தக் கன்சுவில் ஒரு மடிப்புக் கலையாமல் வீடு திரும்புவதில் அவருக்குப் பெருமை.  வேனில் ஏறியதும் திரும்பி உட்கார்ந்தார்.

"மகளே, உன் கையைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அடுத்த சடங்குல பாட்டு நின்னா, ஓட்டல்ல உனக்கு மாத்தா வாசிக்கிறானே, அந்த ஆளைக் கூப்பிட்டுக்குவேன். அவன் மண்டி போட வேண்டியதில்லை."

"உக்காந்தே வாசிக்கிறேன் ஐயா. எல்லாத்துக்கும்."

"உக்காந்து வாசிக்க நாம என்ன சாவு வீட்டுக்கா போறோம்? மாப்பிள்ளை வரும்போது நின்னு ஆடணும். வணங்கும்போது இறங்கணும். பாட்டு ஓடணும். முடியுமா முடியாதா?"

"முடியும்" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு வழியில் சுட்ட வாழைப்பழம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அவள் தொடவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அண்ணே, ஓட்டல்ல என்னை மணிக்கணக்கா வாசிக்கவிடுறாங்க. ஆனா நம்ம பாட்டு ஒண்ணு கூட வாசிக்கவிடல. இங்கயும் போச்சுன்னா நான் வாசிக்கிறதுக்கு என்னதான் அர்த்தம்?" என்றாள். எனக்கு அது சுருக்கென்றது. ஆறுதல் சொல்ல வராது எனக்கு. "எருமையை முதல்ல வித்துத் தொலை" என்றேன்.

எருமை விற்கப்படவில்லை, ஒரு தேவாலயத்துக்குக் குடிபோனது. அங்கே யாரும் அதைத் தூக்கவேண்டியதில்லை. அதற்குப் போதகர் கொடுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகிமேரா கடை கடையாக மண்டியிடத் தொடங்கினாள். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பழக்கம் இப்படி வந்ததுதான். கொக்கு தாழ்ந்தது, ஆனால் வாசித்தால் தலையாட்டியது. இன்னொன்று நன்றாக இறங்கியது, ஒவ்வொரு காலிலும் தனித்தனித் திருகு. "இதைத் திருகி முடிக்கிறதுக்குள்ள பொண்ணுக்குக் குழந்தை பிறந்துடும்" என்று திருப்பி வைத்தாள்.

கடைசியில் முட்யாபாதான் உள்ளறையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். அதுவும் நண்டு இனம்தான். ஆனால் இரட்டைக் கம்பி, நடுவில் கைப்பிடி. பிடியை இழுத்தால் இறங்கும், விட்டால் பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

நகிமேரா மண்டியிட்டாள். கையை நீட்டினாள். முழங்கை மடிந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை முட்யாபா பார்த்துவிடக்கூடாதே என்று நான் நடுவில் போய் நின்றேன். பார்த்தால் விலை ஏறும்.

"பிடி வலப்பக்கம் இருக்கே" என்றாள் சட்டென்று முகம் சுருங்கி. "வலக் கையிலதான் பாட்டு ஓடுது. அதை எடுத்தா நின்னுடுமே."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? உலகத்துக்கே வலப்பக்கம்தான்."

அவள் ஸ்டாண்டைச் சுற்றி வந்தாள். பிறகு பின்பக்கத்தை முன்பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிடி இடப்பக்கம் வந்துவிட்டது. கம்பெனிப் பெயர் எழுதிய பக்கம் அவள் வயிற்றைப் பார்த்தது.

"பேரு ஜனங்களுக்குத் தெரியாதேம்மா!" என்றார் முட்யாபா.

"ஜனங்க என்ன ஸ்டாண்டையா பாக்க வர்றாங்க? பொண்ணைப் பாக்க வர்றாங்க."

நண்டில் ஒரு சிக்கல் உண்டு. தாழத் தாழக் கால்கள் அகலும். நின்றால் ஒரு சாண் இடம் போதும், மண்டியிட்டால் பாய் முழுக்க அதற்கே வேண்டும். சடங்குக்கென்று தோளில் கூம்பு வைத்த நீள உடையான கோமேசி உடுத்தி, இடுப்பில் பட்டைக் கச்சை கட்டிய பெண்ணின் முழங்கால் அந்தக் கம்பிகளுக்குள் எங்கே போகும்? அதைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டு முற்றம் தேவைப்பட்டது. கோமேசியோடுதான் வந்தாள். நான் பேஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி பலாச்சுளை உரிப்பதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

முதல் முறை பிடியை இழுத்ததும் கீபோர்டு தொபுக்கென்று விழுந்தது. கோழிகள் பறந்தன.

"என்னடி, மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே பொண்ணு மயக்கம் போட்டுட்டாளா?" என்றாள் என் மனைவி.

"அக்கா, சிரிக்காம ஒரு யோசனை சொல்லேன்."

"குழந்தையை எப்படி இறக்குவே? கையை விட்டுட்டா இறக்குவே? தொடையில வாங்கி இறக்கு."

அப்படியே செய்தாள். கீபோர்டைத் துணியால் ஸ்டாண்டோடு கட்டி, பாரத்தைத் தொடையில் வாங்கி, இடக் கையால் பிடியை இழுத்துக்கொண்டு, அதோடு சேர்ந்து தானும் தாழ்ந்தாள். வலக் கை வாசித்துக்கொண்டே இருந்தது. ஆனால் இடக் கை பிடிக்குப் போனதும் பாட்டின் அடிப்பாகம் காணாமல் போய், மேலே மட்டும் கீச்சென்று தொங்கியது.

"அண்ணே, என் இடக் கைக்கு நீங்க வாசிங்களேன். நான் இறங்குற வரைக்கும்."

"என் வேலையை விட்டுட்டு உன் கையா இருக்கச் சொல்றியா?"

"ஆமா."

முறைத்தேன். பிறகு வாசித்தேன். அடிப்பாகத்தின் அந்த நாலு ஸ்வரத்தை அவள் இடக் கை எப்படித் தொடும் என்று அதுவரை நான் கவனித்ததே இல்லை. கொஞ்சம் தாமதித்து, தயங்கித் தொடும். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிபட வெகுநேரம் ஆயிற்று. பிடிபட்டபோது அவள் இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். பாட்டு அறுபடவே இல்லை. என் மனைவி பலாச்சுளைத் தட்டை எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி சிரித்தோம்.

அடுத்த குவாஞ்சுலா ம்பிகியில். காலையில் நல்ல மழை. நாங்கள் போய் இறங்கும்போது வெயில் அடித்தது, ஆனால் புல்வெளி மிதித்த காலை உள்ளே வாங்கியது. நகிமேரா பாயை இழுத்துப் போட்டாள். ஸ்டாண்டை அதன் நடுவில் நிறுத்தினாள். வலுகெம்பே ஐயா கன்சுவை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, பலகை மேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். திருப்பி வைத்த ஸ்டாண்டை மேலும் கீழும் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கூடைகளோடு வந்தார்கள். நின்று வாசித்தோம், ஆடினோம். நகிமேரா கோமேசியின் தோள் கூம்புகள் குலுங்க ஆடினாள். ஸ்டாண்டு அசையவில்லை. பிறகு பெண் வீட்டுப் பேச்சாளர் கையைத் தூக்கினார். வணக்கம். பெண்கள் வரிசையாகத் தாழத் தொடங்கினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் இடக் கை ஆனேன்.

பிடி இழுபட்டது. கீபோர்டு அவள் தொடையோடு இறங்கியது. டக்கென்று பூட்டியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் நெஞ்சில் அப்படியொரு சந்தோஷம், வாய்விட்டுக் கத்தியிருப்பேன். பெரியவர் பெண்களைப் பார்த்து நலம் விசாரிக்க ஆரம்பித்தார். எங்கள் பெரியவர்கள் அதில் அவசரப்படுகிறவர்கள் இல்லை. வீடு, பயிர், பிள்ளைகள், போன வாரத்து மழை எல்லாம் வரும்.

பயிர் வரைக்கும் போயிருப்பார். ஸ்டாண்டு அகன்றதில் ஒரு கால் மட்டும் பாயின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அது ஈரமண்ணில் மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கீபோர்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. நகிமேராவுக்குத் தெரிந்துவிட்டது. இடக் கையால் வாசிப்பதை விட்டு ஓரத்தைத் தாங்கிப் பிடித்தாள். வலக் கை மட்டும் சரிகிற கட்டைகளைத் துரத்திக்கொண்டு ஓடியது. அவள் உதட்டைக் கடித்திருந்தாள். எழ முடியாது. என் இரண்டு கையும் கிட்டாரில். நான் விட்டால் பாட்டு நிற்கும்.

வலுகெம்பே ஐயா நாற்காலியிலிருந்து எழுந்தார். மின்கம்பியைப் பிடுங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு எட்டு வைத்து வந்து, கஞ்சி போட்ட கன்சுவோடு அந்தச் சேற்றில் மண்டியிட்டார். கையை மண்ணுக்குள் விட்டு ஸ்டாண்டின் காலைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கீபோர்டு நேரானது.

பேச்சாளர் கண்ணில் அது படாமல் போகுமா?

"வாத்தியக்காரங்க பக்கம் ஒரு ஆம்பளை மண்டி போட்டிருக்காரே! பாட்டுக்காரரே, உங்களுக்கும் ஒரு மாப்பிள்ளை பாக்கணுமா?"

இரண்டு பந்தலும் அதிரச் சிரித்தன.  வலுகெம்பே ஐயா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இடக் கையை எடு மகளே. வாசி" என்றார். "நான் பிடிச்சிருக்கேன்."

அவள் எடுத்தாள். பாட்டுக்கு அடிப்பாகம் திரும்பி வந்தது. பெரியவர் மழையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். சேற்றில் இருந்த கையை அசைக்காமல், மறு கையைத் தன் முழங்கால் மேல் வைத்து, அவளுக்கு மட்டும் தெரியும்படி ஒரு விரலால் மெல்லத் தாளம் போடத் தொடங்கினார் வலுகெம்பே ஐயா.